எட்டாம் கட்டளையும் ஒரு விண்ணப்பப் படிவமும்

பங்குகளில் இயங்கும் சிறு சங்கங்களுக்கு அவ்வப்போது வந்து சேரும் பணி ஒன்று உண்டு. நிதி உதவி கிடைக்கக்கூடும் என்றொரு செய்தி வரும். அதன் பின்னே ஒரு விண்ணப்பப் படிவம் வரும். நோயாளர் சந்திப்புக்கும் செபக்கூட்டத்துக்கும் ஆர்வத்தோடு வருபவர்கள்கூடப் படிவத்தைக் கண்டதும் பின்வாங்கிவிடுவர். அது அலுவலக வேலை, அதற்கும் ஆன்ம வாழ்வுக்கும் தொடர்பில்லை என்பது நம்மிடையே பரவலான எண்ணம். கடந்த ஆண்டுத் தவக்காலத்தில் நாங்கள் நிரப்பிய 14 பக்கப் படிவம் ஒன்று அந்த எண்ணத்தை மாற்றியது. பத்துக் கட்டளைகளுள் எட்டாவது கட்டளையைப் பற்றி அந்தப் படிவம் எங்களைச் சிந்திக்க வைத்த அளவுக்கு வேறெதுவும் சிந்திக்க வைத்ததில்லை. அதை வாசகரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் சங்கம் மிகச் சிறியது. தூத்துக்குடிப் பகுதியின் உப்பளங்களில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, சிற்றாலயத்தை அடுத்த ஒரு கொட்டகையில் மாலைப் படிப்பகம் நடத்துவதே எங்கள் பணி. நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு. தமிழகத்தில் தூத்துக்குடிக்கே முதலிடம். ஆயினும் அந்த உப்பை வாரிச் சேர்க்கும் கைகளுக்கு ஆண்டு முழுவதும் வேலை இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் நன்னீர் நிறையும்; உப்பு விளைவது நிற்கும்; கூலியும் நிற்கும். முதலாளியிடம் முன்பணம் வாங்கிச் சமாளிக்கும் மாதங்கள் அவை. பிள்ளைகளின் படிப்பு தடைப்படுவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். எங்கள் கொட்டகையின் ஓலைக் கூரை ஒழுகுவதும் அதே மாதங்களில்தான். படிப்பகம் எப்போது மிகத் தேவையோ, அப்போதுதான் அதை மூட வேண்டியிருந்தது. அக்டோபருக்கு முன் ஒரு நல்ல கூரை வேண்டும். இதுவே எங்கள் தேவையின் சுருக்கம்.

இத்தகைய தேவைகளுக்கு முற்காலத்தில் வேறொரு வழி இருந்தது. மறைமாவட்டச் சமூகப் பணி மையத்துக்கு வெளிநாட்டுக் கத்தோலிக்க அமைப்புகளிடமிருந்து உதவி வரும். மையம் அதைச் சிற்றூர்களின் சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கும். வெளிநாட்டு நிதி தொடர்பாக 1976-இல் முதலில் இயற்றப்பட்டு, 2010-இல் புதிதாக வகுக்கப்பட்ட சட்டம், 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, வெளிநாட்டு நிதியைப் பெறும் ஓர் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தர இயலாது. நிருவாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதன் பின் எங்களைப் போன்ற சிறு சங்கங்கள் உள்நாட்டு நிதியைத் தாமே தேட வேண்டியதாயிற்று. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சொத்தோ விற்றுமுதலோ இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட நிதி ஒன்றிற்கான படிவமே எங்கள் கைக்கு வந்தது.

படிவத்தின் முதற் பகுதி, நீங்கள் யார் என்று கேட்டது. பதிவு எண், துணைவிதிகள், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, வருமான வரித்துறைச் சான்றுகள், நிருவாகக் குழுவினர் பெயர்கள் என நீண்டது பட்டியல். எங்களுள் இளையவர் ஒருவர் சலித்துக்கொண்டார்: பசித்தவனுக்கு உணவளிக்க இத்தனை காகிதமா? அந்தக் கேள்விக்குப் புனித வின்சென்ட் தே பவுலின் வாழ்விலேயே விடை இருக்கிறது. 1617 ஆகஸ்டில் பிரான்சின் சாத்தியோன் என்னும் ஊரில் அவர் பங்குக் குருவாக இருந்தபோது, குடும்பம் ஒன்றில் அனைவரும் நோயுற்று, உதவுவாரின்றிக் கிடப்பதை அறிந்து மறையுரையில் எடுத்துரைத்தார். அன்றே மக்கள் உணவோடு திரண்டு சென்றனர். ஒரே நாளில் குவிந்த அவ்வுணவு கெட்டுப்போகும், மறுநாள் அவர்கள் மீண்டும் பசித்திருப்பர் என்பதை வின்சென்ட் கண்டார். இரக்கம் நிறைய இருந்தது, ஒழுங்குதான் இல்லை என்று உணர்ந்தார். உடனே அவ்வூர்ப் பெண்களை ஒன்றுகூட்டி, யார் எந்நாளில் செல்வது, என்ன கொடுப்பது, கணக்கு எவ்வாறு வைப்பது என எழுத்தில் விதிமுறை வகுத்தார். அன்புப் பணிக் குழுக்கள் தோன்றிய வரலாறு இது.

இதற்கு முன்னோடி திருத்தூதர் பணிகள் நூலில் உள்ளது. அன்றாடப் பந்தியில் சில கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் நற்சான்று பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் (1975) ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும் என்று விதிப்பதைப் படித்தபோது, தற்செயலான ஒற்றுமைதான் என்றாலும், எங்களுக்குள் ஒரு புன்னகை மலர்ந்தது. பவுலடியாரும் எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைத் தாமே தனித்து எடுத்துச் செல்லவில்லை. அத்துணைப் பெருந்தொகையைக் கையாள்வதில் எவரும் குறைகூற இடமிருக்கலாகாது என்பதற்காகத் தீத்துவையும், சபைகள் தேர்ந்த சகோதரரையும் உடன் அமர்த்தியதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் காண்கிறோம். தணிக்கை அறிக்கை கேட்பவரைச் சந்தேகப் பேர்வழி என்று நாம் வருந்த வேண்டியதில்லை.

முதற் பகுதி இவ்வாறு முடிந்தது. சிக்கல் தொடங்கியது இரண்டாம் பகுதியில்தான். உங்கள் மக்களின் தேவையை விளக்குக என்றிருந்தது அதன் தலைப்பு. கீழே ஒரு வெற்றுப் பக்கம்.

படிவங்கள் எழுதிப் பழகிய நண்பர் ஒருவர் எங்கள்மீது கொண்ட பரிவினால் மாதிரி விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்து உதவினார். முன்னரே பல நிதிகளை ஈட்டித் தந்த வாசகங்கள் அவை என்றார். அதில் கண்டபடி, எங்கள் பகுதிப் பெண்கள் எழுத்தறிவும் விழிப்புணர்வும் அற்றவர்கள். ஆண்கள் அனைவரும் குடிக்கு அடிமைகள். பிள்ளைகளின் எதிர்காலம் குறித்து எவருக்கும் அக்கறையில்லை. சங்கம் வந்த பிறகே அவர்கள் வாழ்வில் ஒளி தோன்றியது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். நண்பரின் வாதம் எளியது: விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவியும், வாசிப்பவர் நெஞ்சு உருகினால்தான் நம் விண்ணப்பம் மேலே வரும், நல்ல காரியத்துக்காகச் சற்றுக் கூட்டிச் சொல்வதால் யாருக்கு என்ன தீங்கு?

இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் குழுவை இரண்டாகப் பிரித்தது. கூரை வேண்டும்; மழைக்கு இன்னும் ஏழு மாதமே உள்ளது; வேறு நிதிக்கு வழியில்லை. கொள்கை பேசிக் கூரையை இழப்பதா என்று சிலர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நனையப்போவது எங்கள் பிள்ளைகள் அல்லர், அவர்களின் பிள்ளைகளே என்பதும் உண்மைதான். ஆகவே ஒரு முடிவுக்கு வந்தோம். படிவம் யாரைப் பற்றியதோ, அவர்களிடமே அதை வாசித்துக் காட்டுவது. அதன் பின் எழுதுவது.

ஒரு வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்ததும் பெற்றோர்கள் கொட்டகையில் கூடினர். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொன்னோம். இலக்குக் குழு என்ற சொல்லுக்கு, “எங்களைக் குறி பாக்கவா போறாக?” என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தனர். பிறகு மாதிரி விண்ணப்பத்தின் தேவைப் பகுதியை வாசித்தோம். சிரிப்பு அடங்கியது. நெடுநேரம் யாரும் பேசவில்லை. முப்பது ஆண்டுகளாக அளத்தில் உப்புச் சுமக்கும் ஒரு தாய் எழுந்தார். “அண்ணாச்சி, நாங்க இல்லாதவுகதான். அதுல பொய்யில்ல. ஆனா ஒண்ணுமே இல்லாதவுக இல்ல. எம்மகனைப் பத்தாப்புப் படிக்க வச்சது நாந்தான். அந்தத் தாள்ல அது எங்க இருக்கு?” என்றார்.

அவர் சொன்னதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை. எட்டாம் கட்டளை, அயலாருக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறுவதை விலக்குகிறது. நீதிமன்றத்தில் பொய் சொல்வதையும் புறங்கூறுவதையும் எண்ணியே நாம் அக்கட்டளையைப் படித்திருக்கிறோம். 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பிறருடைய நற்பெயரைக் காக்கும் கடமையையும் இக்கட்டளையின் கீழேயே வைத்துப் பேசுகிறது. ஓர் ஏழையை உள்ளதைவிட இழிவாகச் சித்திரிப்பதும் அவருக்கு எதிரான சான்றுதானே? அவருக்கு உதவி பெற்றுத் தருவதற்காகவே அதைச் சொல்கிறோம் என்பதால் அது மெய்யாகிவிடுமா? அவர் கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் தருகிறோம். எடுத்தது பெயர், தந்தது கூரை. மேலும், அந்தப் பேரத்தை அவரைக் கேளாமலேயே முடித்துவிடுகிறோம்.

தேவைப் பகுதியை அன்றிரவே அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம். விடியுமுன் வேலைக்குச் செல்வதால் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப வீட்டில் ஆளில்லை என்றார்கள். மழைமாதங்களில் வாங்கும் முன்பணம் அடுத்த ஆண்டின் கூலியைத் தின்றுவிடுகிறது என்றார்கள். வெயிலும் உப்பின் வெண்மையும் சேர்ந்து கண்ணைக் கெடுப்பதால், பிள்ளைகள் தாங்கள் பார்த்த வேலைக்கு வரக்கூடாது என்பதே தங்கள் விருப்பம் என்றார்கள். குடியைப் பற்றியும் அவர்களே சொன்னார்கள். எத்தனை வீடுகளில் என்று கைவிட்டு எண்ணிச் சொன்னார்கள். எல்லா வீடுகளிலும் என்று எழுதக்கூடாது என்றார்கள். உண்மை, மாதிரி விண்ணப்பத்தைவிடக் கனமாகவே இருந்தது. மிகைப்படுத்த வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை.

மூன்றாம் பகுதியின் தலைப்பு, உள்ளூர்ப் பங்களிப்பு. மொத்தச் செலவில் மக்கள் தரப்போவது என்ன என்று கேட்டது. ஏழைகளிடம் இதைக் கேட்பது கொடுமை என்று எங்களுள் சிலருக்குத் தோன்றியது. ஆனால் இந்தக் கேள்வியைத்தான் ஆண்டவரும் கேட்டார் என்பதைப் பங்குத்தந்தை நினைவூட்டினார். மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், மூன்று நாளாய்த் தம்முடன் இருந்து உண்ண ஒன்றுமில்லாத கூட்டத்தின்மீது இயேசு பரிவு கொள்கிறார். பட்டினியாய் அனுப்பினால் வழியில் சோர்ந்து விழுவார்களே என்று கவலைப்படுகிறார். அடுத்து அவர் சீடரிடம் விசாரிப்பது, அவர்கள் கையில் எத்தனை அப்பம் இருக்கிறது என்பதையே. ஏழு என்கிறார்கள். நாலாயிரம் பேருக்கு ஏழு அப்பம் ஒரு பொருட்டா? ஆயினும் அந்த ஏழிலிருந்துதான் விருந்து தொடங்குகிறது.

அந்த அதிகாரத்துக்கும் நம் சமூகப் பணிகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நம் மறைமாவட்டங்கள் பலவற்றுக்குப் பல்லாண்டு உதவிய ஜெர்மானியக் கத்தோலிக்க அமைப்பான மிசெரெயோர் தன் பெயரை அங்கிருந்துதான் பெற்றது. கூட்டத்தின்மீது இயேசு கொண்ட பரிவைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. 1958-இல் ஃபுல்டாவில் கூடிய ஜெர்மானிய ஆயர்களிடம் அதைத் தொடங்கும் கருத்தை முன்வைத்தவர் கொலோன் பேராயர் கர்தினால் யோசேப் ஃபிரிங்ஸ். போர் முடிந்து 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. 1946-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, கடுங்குளிரில் வாடிய கொலோன் மக்களுக்கு அவர் ஆற்றிய மறையுரை புகழ்பெற்றது. உழைத்தும் கேட்டும் கிடைக்காதபோது, உயிரையும் உடல்நலத்தையும் காக்க இன்றியமையாததை மட்டும் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் கூற, மக்கள் தொடர்வண்டிகளிலிருந்து நிலக்கரி எடுப்பதற்கே அவர் பெயரால் ஒரு வினைச்சொல் உருவானது. இல்லாமையின் குளிரை அறிந்த மக்களின் தவக்காலக் காணிக்கைதான் கடல் கடந்து நம் கிணறுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்தது. பவுலடியார் போற்றும் மாசிதோனியத் திருச்சபைகளும் கடும் வறுமையின் நடுவிலிருந்து கொடுத்தவையே. கொடுப்பவர், பெறுபவர் என்ற கோடு நாம் நினைப்பது போல் நிலையானதன்று.

ஆகவே, எங்களிடம் உள்ள அப்பங்களை எண்ணத் தொடங்கினோம். மொத்தச் செலவு, தகரக் கூரையிட்ட கொட்டகை, சிமெண்டுத் தரை, மாணவியருக்குக் கழிப்பறை, விளக்குகள், இரண்டு ஆசிரியர்களுக்கு ஓராண்டு மதிப்பூதியம் என எல்லாம் சேர்த்து 4,86,000 ரூபாய். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்னதற்கேற்ப, கொத்தனாரை மூன்று முறை வரவழைத்துக் கணக்கிட்ட தொகை அது. குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய் தர 40 குடும்பங்கள் முன்வந்தன. ஆண்டுக்கு 9,600 ரூபாய். பணத்தைவிட உழைப்பைத் தருவதே தங்களுக்கு எளிது என்றும் கூறினர். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் இரண்டு நாள் கட்டட வேலைக்கு வருவது என்று முடிவாயிற்று.

உழைப்பை ரூபாயில் மதிப்பிட்டு எழுத வேண்டும் என்றது படிவம். எந்தக் கூலியை எழுதுவது என்ற பேச்சு எழுந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “அளத்துல ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி. கோயில் வேலைக்கும் அப்படித்தானா?” ஆண்கள் பலர் தலைகுனிந்தனர். யார் வந்தாலும் நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று அங்கேயே தீர்மானித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். அவ்வாறு வந்தது 40,000 ரூபாய். காலை முதல் உழைத்தவர்க்கும் கடைசி மணி நேரத்தில் வந்தவர்க்கும் ஒரே கூலி தந்த தோட்ட உரிமையாளரின் உவமையை ஆண்டுதோறும் கேட்கிறோம். எங்கள் ஊரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று முதன்முதலாக எழுதப்பட்ட இடம் ஒரு விண்ணப்பப் படிவத்தின் கட்டமாக அமைந்தது.

பங்களிப்பு மொத்தம் 49,600 ரூபாய். செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. திட்டமிட்டுப் பத்திலொரு பாகம் ஒதுக்கியதில்லை. எண்ணிப் பார்த்தபோது அப்படி அமைந்திருந்தது. எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத பங்களிப்பும் ஒன்றிருந்தது. கொட்டகைக்கு எதிர்வீட்டு மூதாட்டி, குடிநீர் வருவதே அரிதான அவ்வூரில், பிள்ளைகளுக்காக நாள்தோறும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அதற்கு விலை போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

நான்காம் பகுதி, வெற்றிக் கதை ஒன்றையும் பயனாளியின் நிழற்படத்தையும் கேட்டது. எங்கள் படிப்பகத்துச் சிறுமி ஒருத்தியின் கதை யாரையும் உருக்கும். அவள் தாயிடம் கேட்டோம். “நாளைக்கு அவ வேலைக்குப் போயி நல்லா இருக்கையில, இந்தப் படத்தை யாராச்சும் காட்டுனா அவ மனசு என்ன பாடுபடும்?” என்றார் அவர். கதையை எழுதவில்லை, இங்கும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, மூன்று ஆண்டுகளில் படிப்பகத்துக்கு வந்தோர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியோர், தேறியோர், இடையில் நின்றோர் ஆகியோரின் எண்ணிக்கையை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதினோம். இடையில் நின்றோரைக் குறிப்பிட வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. அவர்களைக் குறிப்பிடாவிட்டால் கூரை எதற்கு என்பதே விளங்காது என்பதால் அதையும் சேர்த்தோம். நிழற்படமாக, ஒழுகும் கூரையின் படத்தை இணைத்தோம்.

கடைசிப் பக்கத்தில் உறுதிமொழி. மேற்கண்டவை அனைத்தும் நாங்கள் அறிந்தவரை உண்மை என்ற வாசகத்தின் கீழ்த் தலைவர், செயலர், பொருளாளர் மூவரும் கையொப்பமிட வேண்டும். பொதுவாக வாசிக்காமலேயே கையொப்பமிடும் இடம் அது. அம்முறை அந்த வாசகத்தைத் தமிழாக்கிப் பெற்றோர் கூட்டத்தில் உரக்கப் படித்தோம். அவர்கள் சரி என்ற பிறகே மூவரும் பேனாவை எடுத்தனர். கையொப்பம் மூவருடையது, சான்று நாற்பது வீட்டாருடையது.

நான்கு மாதம் கழித்து விடை வந்தது. கொட்டகைக்கும் கழிப்பறைக்கும் விளக்குகளுக்கும் நிதி ஒதுக்கியிருந்தார்கள். ஆசிரியர் மதிப்பூதியத்துக்கு இல்லை. தொடர்செலவுகளை ஏற்பது அவர்கள் வழக்கமில்லையாம். மாதிரி விண்ணப்பத்தை அனுப்பியிருந்தால் முழுத் தொகையும் கிடைத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கிடைத்திருக்கலாம். அதை மறுக்க எங்களிடம் சான்றில்லை. எழுதியது உண்மையாக இருக்க வேண்டும் என்பதை, என்ன கிடைத்தது என்பதைக் கொண்டு நாங்கள் முடிவு செய்யவில்லை. ஆகவே அந்தப் பேச்சு அதற்குமேல் நீளவில்லை.

மதிப்பூதியத்துக்கு வழி என்ன? படிவத்தில் இன்னொரு கேள்வி இருந்தது: எங்கள் உதவி நின்ற பிறகு இப்பணியை எவ்வாறு தொடர்வீர்கள்? அதற்கு நாங்கள் எழுதிய விடை, பங்கின் அன்பியங்களை அணுகுவோம் என்பது. எழுதியதைச் செய்ய வேண்டிய நேரம் எதிர்பார்த்ததைவிட விரைவில் வந்துவிட்டது. பங்குப் பேரவையில் படிவத்தின் நகலையே வாசித்தோம். எங்கள் பங்கில் 12 அன்பியங்கள். ஆண்டுக்கு ஒரு மாதத்தை ஒவ்வோர் அன்பியமும் ஏற்பது என்றும், அம்மாதத்துக்கான 4,000 ரூபாயைத் தருவது என்றும் முடிவாயிற்று. திருவிழா வாணவேடிக்கைக்குத் திரட்டும் தொகையில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாமே என்று சொன்னவர், பல ஆண்டுகளாக அந்த வாணவேடிக்கைக்குப் பொறுப்பேற்று நடத்துபவர்தான். ஓர் ஆசிரியைக்கு அவ்வாறு வழி பிறந்தது. மற்றவர் கல்லூரி மாணவர். படிப்பு முடியும்வரை தமக்கு ஊதியம் வேண்டாம் என்றார்.

செப்டம்பரில் கூரை வேயப்பட்டது. மக்கள் தாம் எழுதிக் கொடுத்த இரண்டு நாள்களையும் தந்தனர். சிலர் மூன்றாம் நாளும் வந்தனர். அந்த ஆண்டு மழையில் படிப்பகம் ஒருநாளும் மூடப்படவில்லை.

நம் பங்குகளில் எத்தனையோ சங்கங்கள், குழுக்கள், சபைகள் இயங்குகின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று இந்த மாதமும் எங்கோ ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றே. அனுப்புவதற்கு முன் அதை அம்மக்களிடையே உட்கார்ந்து, அவர்கள் மொழியில், முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அவர்கள் முகம் சுளிக்கும் வரி எதுவோ, அதை அடித்துவிடுங்கள். அவர்கள் சேர்க்கச் சொல்வதைச் சேருங்கள். நிதி வரலாம், வராமலும் போகலாம். மறுநாள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் தரும் தேநீரை நாம் தயக்கமின்றி வாங்கிக் குடிக்கலாம்.